வாவித் தண்ணிப் பற்றீரியாவில் பொஸ்பற்றேஸ்: டாபியில் எல்லாம் தெரியுது, ஈஎல்எஃப்-இல் சிலது மட்டும் மினுங்குது

மண்முனைத்துறை எழுதியது:

அண்ணன்மார், அக்காமார் எல்லாருக்கும் வணக்கம். இறுதியாண்டு ஆய்வுக்காக மட்டக்களப்பு வாவியில் இருக்கிற பற்றீரியாக்களில் எவை அல்கலைன் பொஸ்பற்றேஸ் நொதியத்தை (கரிமச் சேர்வைகளிலிருந்து பொஸ்பேற்றை வெட்டி எடுப்பது) மேற்பரப்பில் வைத்திருக்கின்றன என்று கலம் கலமாகப் பார்க்கிறேன். மொத்த நீரின் நொதியத் தாக்கத்தை எம்யூஎஃப்-பொஸ்பேற்றால் (வெட்டுப்பட்டால் ஒளிரும் எம்யூஎஃப்-ஐ விடும் சேர்வை) அளந்தாச்சு, நல்ல வாசிப்பு வருது. தனிக்கலத்துக்கு ஈஎல்எஃப்-97 பொஸ்பேற்று (வெட்டுப்பட்டால் மஞ்சள்-பச்சையாக ஒளிரும் சேர்வை) எடுத்தேன். அதில்தான் சிக்கல்.

மாதிரி எடுத்த இடங்கள் முகத்துவாரம், கல்லடிப் பாலத்தடி, மண்முனை. மேற்பரப்பிலிருந்து 30 செ.மீ. ஆழம். போத்தலை ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்து, 3 மைக்ரோமீற்றர் பில்டரால் வடித்து, மையநீக்கியில் சுற்றி, கலங்களைப் பீபிஎஸ்-இல் (பொஸ்பேற்றுத் தாங்கற்கரைசல்) திரும்பக் கலக்கினேன். அதில் 5 மி.லீ. எடுத்து, 5 மில்லிமோலர் ஈஎல்எஃப் இருப்புக் கரைசலில் 20 மைக்ரோலீற்றர் சேர்த்தேன், இறுதிச் செறிவு 20 மைக்ரோமோலர். இருட்டில் 1 மணித்தியாலம். பிறகு 2% போர்மல்டிகைட்டு, 0.2 மைக்ரோமீற்றர் கறுப்புப் பொலிகாபனேற்றுப் பில்டர், மேலே டாபி (டிஎன்ஏ-இல் ஒட்டிக் கலங்களை நீலமாகக் காட்டும் சாயம்) 1 மைக்ரோகிராம்/மி.லீ.

நுணுக்குக்காட்டியில் மேர்க்கூரி விளக்கு. கியூப் (ஒளி வடிகளும் ஆடியும் சேர்ந்த பெட்டி) மூன்று: டாபி, எஃப்ஐடிசி (நீல ஒளியால் ஒளிரத் தூண்டுவது), பச்சை அருட்டல் (பச்சை ஒளியால் தூண்டுவது). டாபியில் பற்றீரியா நிறையத் தெரியுது. ஈஎல்எஃப் மஞ்சள்-பச்சை என்பதால் எஃப்ஐடிசி கியூபில் பார்த்தால் ஒன்றுமே இல்லை. டாபி கியூபில் நூறில் இரண்டு மூன்று கலம் கொஞ்சம் தடிப்பாகத் தெரியுது, அவ்வளவுதான். இடைக்கிடை நட்சத்திரம் மாதிரி ஊசிப் பளிங்குகள். போர்மல்டிகைட்டில் கொன்ற கட்டுப்பாட்டிலும் கொஞ்சம் மினுக்கம் இருக்கு. எங்கே பிழைக்குது? நொதியமே இல்லை என்று எழுதிவிடலாமா?

---

ஒளிவடி எழுதியது:

எழுதாதீங்க தம்பி. உங்கட கியூப்களில் ஒன்றுகூட ஈஎல்எஃப்-ஐக் காட்டாது. கலத்தில் நொதியம் இருந்தாலும் நீங்கள் கண்டிருக்க மாட்டீங்க.

ஈஎல்எஃப்-இலிருந்து பொஸ்பேற்று வெட்டுப்பட்டதும் வரும் விளைபொருள் தண்ணியில் கரையாமல் வெட்டின இடத்திலேயே வீழ்படிவாகும். அதனால்தான் இதைத் தனிக்கலத்துக்குப் பாவிக்க முடியுது. எம்யூஎஃப் கரைந்து தண்ணி முழுக்கப் பரவிப் போகும். இந்த வீழ்படிவை அருட்ட 345 முதல் 365 நானோமீற்றர் வரை ஊதாக்கடந்த ஒளி வேணும், காலல் (அது திரும்ப விடும் ஒளி) 530 அளவில். இரண்டுக்கும் இடையே 165-க்குக் குறையாத இடைவெளி. எஃப்ஐடிசி கியூப் 480 அளவில் அருட்டும், அந்த ஒளியை ஈஎல்எஃப் உறிஞ்சாது. டாபி கியூப் சரியாகத்தான் அருட்டும். ஆனால் இப்ப விற்கிற டாபி கியூப்களில் பெரும்பாலானவற்றின் காலல் வடி 435–485 போன்ற ஒடுங்கிய பட்டையை மட்டும் விடும். 530 அதில் அடிபட்டுப் போகும். நீங்கள் கண்ட தடிப்பான கலங்கள் டாபியை அதிகம் பிடித்த பெரிய கலங்களாகத்தான் இருக்க வேணும்.

கியூபின் பக்கத்தில் எழுதியிருக்கிற எண்களைப் பாருங்க. அருட்டல் 330–385, காலல் 420-க்கு மேல் என்று பழைய மாதிரி இருந்தால் அது போதும். அதில் ஈஎல்எஃப் மஞ்சள்-பச்சையாகவும் டாபி நீலமாகவும் தெரியும், ஆனால் கலர் கமெரா வேணும். ஒடுங்கிய பட்டையென்றால் கியூப் முழுக்க மாற்றத் தேவையில்லை. காலல் வடியை மட்டும் கழற்றி, 515-க்கு மேல் விடும் நெடுங்கடப்பு வடியைப் போடலாம். 400-இல் வெட்டும் இருநிற ஆடி அப்படியே இருக்கட்டும். விளக்கு மேர்க்கூரி என்றபடியால் 365 வரி பலமாக வரும், உங்கட அதிர்ஷ்டம். 385 எல்இடி பூட்டின புதுக் கருவியென்றால் இதைவிட மங்கலாக இருக்கும். 100 வாற்று மேர்க்கூரிப் பல்புக்கு ஆயுள் ஏறத்தாழ 200 மணித்தியாலம், அதையும் பதிவுப் புத்தகத்தில் பாருங்க.

வேறு எதையும் தொட முதல் ஒரு சோதனை செய்யுங்க. சின்ன ரியூபில் 20 மைக்ரோமோலர் ஈஎல்எஃப் எடுத்து, கடையில் வாங்கும் கன்றுக்குடல் அல்கலைன் பொஸ்பற்றேஸ் துளி விட்டு, சில நிமிடத்தில் ஒரு சொட்டை ஸ்லைட்டில் வைத்துப் பாருங்க. மஞ்சள்-பச்சைத் துணிக்கைகள் தெரியவில்லையென்றால் பிழை ஒளியியலில் அல்லது கீழ்ப்படையில் (நொதியம் வெட்டும் சேர்வை, இங்கே ஈஎல்எஃப்). வாவித் தண்ணியைக் குற்றம் சொல்ல இன்னும் நேரம் வரவில்லை.

இனி பீபிஎஸ். அதில் பொஸ்பேற்று 10 மில்லிமோலர் அளவில் இருக்கு, உங்கட கீழ்ப்படை 20 மைக்ரோமோலர். அதாவது 500 மடங்கு பொஸ்பேற்று நொதியத்தின் உயிர்ப்பு மையத்துக்குப் போட்டிபோடுது. அல்கலைன் பொஸ்பற்றேஸைப் பொஸ்பேற்று போட்டியாக நிரோதிக்கும் என்பது பாடப்புத்தக விஷயம். ஆனாலும் கழுவுதல் என்றவுடன் கை தானாகப் பீபிஎஸ் போத்தலுக்குத்தான் போகுது. மையநீக்கம், திரும்பக் கலக்குதல் இரண்டையும் விடுங்க. சுற்றும்போது கலமேற்பரப்பு நொதியம் கழன்றும் போகும். எடுத்த தண்ணியிலேயே நேரடியாகக் கீழ்ப்படையைப் போடுங்க. ஐதாக்க வேணுமென்றால் அதே இடத்துத் தண்ணியை 0.2-ஆல் வடித்துப் பாவியுங்க. கிட்டோடு வரும் தாங்கற்கரைசலும் வேண்டாம், பீ.எச். மாறிவிடும். வாவியில் இருக்கிற பீ.எச்.-இலேயே அளக்க வேணும்.

போர்மல்டிகைட்டு கலத்தைக் கொல்லும், நொதியத்தைக் கொல்லுமென்று நம்ப ஏலாது. பதப்படுத்தின இழையங்களிலேயே பொஸ்பற்றேஸ் சாயமேற்றுவார்கள். ஆகவே கட்டுப்பாட்டுக்கு மாதிரியை ஒட்டோகிளேவ் பண்ணி, ஆறவிட்டு, பிறகு ஈஎல்எஃப் போடுங்க. அடைகாப்பை நிறுத்த மேர்க்கூரிக் குளோரைட்டு இறுதிச் செறிவு 1 மில்லிமோலர் நல்லது. ஆனால் அந்தக் கழிவைச் சிங்கில் ஊற்றாமல் தனிப் போத்தலில் பெயர் எழுதிச் சேர்க்க வேணும். அது சிரமமென்றால் நேரம் முடிந்தவுடன் வடித்து, கீழ்ப்படையைக் கழுவி அகற்றினாலே போதும்.

---

படுவான்கரை எழுதியது:

ஒளிவடி அண்ணன் சொன்னதெல்லாம் திருத்தின பிறகும் நூறில் பத்துக் கலம்தான் மினுங்கினால் மனம் உடையாதீங்க. அது உண்மையாகவும் இருக்கலாம். எம்யூஎஃப் வாசிப்பு கூட இருந்தால் பற்றீரியா எல்லாம் மினுங்க வேணும் என்று எடுத்துக்கொண்டதில்தான் எனக்கு உடன்பாடு இல்லை.

மொத்த நீரில் அளக்கும் பொஸ்பற்றேஸ் மூன்று இடத்திலிருந்து வரும்: அல்காவும் துணிக்கைகளும், பற்றீரியா, கலத்தைவிட்டுக் கழன்று தண்ணியில் கரைந்து திரியும் நொதியம். கடைசிப் பங்கு பல நீர்நிலைகளில் கணிசமானது. ஆகவே முதலில் எம்யூஎஃப் அளவீட்டையே பிரியுங்க. வடிக்காத தண்ணி, 1 மைக்ரோமீற்றரால் வடித்தது, 0.2-ஆல் வடித்தது. கடைசி இரண்டின் வித்தியாசம்தான் சுயாதீனப் பற்றீரியாவின் பங்கு. 0.2 வடிநீரிலேயே முக்காற்பங்கு வாசிப்பு வந்தால் கலங்கள் மங்கலாக இருப்பதில் அதிசயம் இல்லை. வடிக்கும்போது வெற்றிடத்தைக் கூட்டினால் அல்கா உடைந்து நொதியத்தைக் கக்கும், கரைந்த பங்கு பொய்யாகக் கூடும். 150 மி.மீ. இரசத்துக்கு மேலே போகாதீங்க, அதாவது 20 கிலோபஸ்கால்.

அந்த ஊசிப் பளிங்குக்கும் இதோடு தொடர்பு இருக்கலாம். கரைந்த நொதியம் தண்ணியிலேயே ஈஎல்எஃப்-ஐ வெட்டினால் விளைபொருள் பிடிக்கக் கலமில்லாமல் ஊசியாக வளரும். பழைய இருப்புக் கரைசலும் அதையே செய்யும். பிரித்தறிய, இருப்புக் கரைசலைப் பாவிக்கும் அன்றே 0.2 சிரிஞ்சு பில்டரால் வடித்து, அதை வாவித் தண்ணியின் 0.2 வடிநீரில் போட்டு ஒரு மணித்தியாலம் விடுங்க. பக்கத்தில் ஒட்டோகிளேவ் பண்ணின வடிநீரிலும் அதே. முதலாவதில் மட்டும் ஊசி வந்தால் அது உங்கட வாவியின் கரைந்த நொதியம். இரண்டிலும் வந்தால் இருப்புக் கரைசல் கெட்டுப் போச்சு.

எம்யூஎஃப்-இல் இரண்டு பொறி இருக்கு, கவனம். எம்யூஎஃப்-இன் பீ.கே.ஏ. (பாதி மூலக்கூறுகள் புரோத்தனை இழக்கும் பீ.எச்.) 7.8 அளவில். ஆகவே பீ.எச். 10-க்கு மேலே ஏற்றித்தான் முழு ஒளிர்வும் வரும். அதுக்காகக் கிளைசின்–சோடியம் ஐதரொட்சைட்டுத் தாங்கற்கரைசலை ஊற்றினால் முகத்துவாரத் தண்ணி கலங்கும். கடல்நீரில் லீற்றருக்கு ஏறத்தாழ 1.3 கிராம் மக்னீசியம் இருக்கு, அது ஐதரொட்சைட்டாக வீழ்படியும். மண்முனையில் மழைக்காலத்தில் கலங்காது, முகத்துவாரத்தில் கலங்கும், பிறகு இரண்டையும் எப்படி ஒப்பிடுறது? தாங்கற்கரைசலோடு ஈடீடிஏ சேர்த்தால் மக்னீசியத்தையும் பிடிக்கும், நொதியத்துக்குத் தேவையான நாகத்தையும் (சிங்க் உலோகம்) பறிக்கும். இது முக்கியம். ஏனென்றால் அல்கலைன் பொஸ்பற்றேஸுக்குக் காரம் நிறுத்தக்குறி இல்லை, அந்தப் பீ.எச்.-இல் அது இன்னும் உற்சாகமாக வேலை செய்யலாம். நியம வளையியையும் (தெரிந்த எம்யூஎஃப் செறிவுகளின் ஒளிர்வு வரைபு) காய்ச்சி வடித்த நீரில் போடாமல் அந்தந்த இடத்துத் தண்ணியில் போடுங்க. வயல் வாய்க்கால் தண்ணி கொண்டுவரும் தேத்தண்ணி நிறக் கரிமம் ஒளியைக் குடிக்கும், தானும் நீலமாக மினுங்கும்.

மாதிரியோடு பொஸ்பேற்றையும் மொலிப்டேற்று நீல முறையில் 880-இல் அளந்து வையுங்க. பொஸ்பேற்றுத் தட்டுப்பாடு வந்தால்தான் பெரும்பாலான பற்றீரியா இந்த நொதியத்தை அதிகம் ஆக்கும். மாரி மழையோடு வயல் வெட்டுத் தண்ணி இறங்கும் காலத்தில் கலங்கள் இருண்டிருக்கலாம். முகத்துவாரம் அடைபட்டிருக்கும் காலத்தில் கதை வேறாக இருக்கலாம். மினுங்கும் கல வீதத்தைப் பொஸ்பேற்று எண் இல்லாமல் தனியாக எழுதினால் அதுக்குப் பெறுமதி குறைவு.

அப்புறம் அந்த ஐஸ் பெட்டி. 29, 30 பாகையில் வாழும் கலத்தை ஐஸில் போட்டுத் திரும்ப அறை வெப்பநிலைக்கு எடுத்தால் நீங்கள் அளப்பது வேறொரு நிலை. கறுத்தப் பொலித்தீன் சுற்றி, எடுத்த தண்ணியின் வெப்பநிலையிலேயே வாளித் தண்ணிக்குள் வைத்துக் கொண்டுவாங்க. இரண்டு மணித்தியாலத்துக்குள் தொடங்கினால் நல்லது. மண்முனையிலிருந்து வரும்போது ஏலாதென்றால் தண்ணி எடுத்த இடத்திலேயே கீழ்ப்படையைச் சேர்த்து, நிறுத்தி, பிறகு வாங்க.

---

சம்மாந்துறை நானா எழுதியது:

ஈஎல்எஃப் விலை கூடின சாமான், எடுப்பிக்கவும் நாள் போகும். உயிர்ப்பான பற்றீரியா எத்தனை வீதம் என்பதுதான் கேள்வியென்றால் சீடிசி (சுவாசிக்கும் கலத்தைச் சிவப்பாகக் காட்டும் சாயம்) போட்டால் என்ன? இறுதிச் செறிவு 5 மில்லிமோலர், இருட்டில் 2 முதல் 4 மணித்தியாலம், பிறகு போர்மல்டிகைட்டு. சுவாசச் சங்கிலியில் இலத்திரனை வாங்கிக் கலத்துக்குள்ளேயே சிவப்பு போர்மசனாக வீழ்படியும். 450–480-இல் அருட்டினால் 630 அளவில் மினுங்கும். தம்பியின்ட எஃப்ஐடிசி கியூபில் காலல் வடியை மட்டும் மாற்றினால் வேலை முடியும்.

---

ஒளிவடி எழுதியது:

நானா, சீடிசி சுவாசத்தை அளக்குது. தம்பி கேட்கிறது மேற்பரப்பு நொதியத்தை. ஒரு கலம் நன்றாகச் சுவாசிக்கும், பொஸ்பற்றேஸ் இல்லாமல் இருக்கும். மறுபக்கமும் நடக்கும். இரண்டையும் தனித்தனி மாதிரியில் போட்டு ஒப்பிட்டால் அழகான அத்தியாயம், ஒன்றுக்குப் பதில் மற்றதைப் போட ஏலாது.

போடுறதென்றாலும் இங்கே இரண்டு விஷயம் பார்க்க வேணும். சேற்றுக்குக் கிட்ட எடுத்த தண்ணியில் ஐதரசன் சல்பைட்டு இருந்தால் பற்றீரியா இல்லாமலேயே சீடிசி சிவக்கும். கொன்ற கட்டுப்பாடு அதைக் காட்டிக்கொடுக்கும். மற்றது சைனெகொக்கஸ் (ஒளித்தொகுப்புச் செய்யும் சயனோபற்றீரியா). அதின்ட பைகோஎரித்திரின் நிறப்பொருள் நீல ஒளியிலும் செம்மஞ்சளாக மினுங்கி, சீடிசிக் கலம் போல ஏமாற்றும். பச்சை அருட்டல் கியூபுக்கு மாற்றினால் சைனெகொக்கஸ் பளிச்சென்று எரியும், சீடிசி மங்கும். சாயமே போடாத ஒரு பில்டரையும் எண்ணிக் கழித்தால் இன்னும் பாதுகாப்பு. சீடிசி கலத்துக்கு நஞ்சு என்பதால் குறைத்தே காட்டும் என்ற விமர்சனமும் நெடுக இருக்கு. வரும் வீதத்தைக் கீழ் எல்லையாக எடுங்க.

எஃப்டிஏ (வெட்டுப்பட்டால் புளோரசீனை விடும் சேர்வை) போடலாமா என்று யாரும் கேட்க முதலே சொல்றேன்: அது கலத்துக்குள் இருக்கும் எஸ்தரேஸுக்கு. வரும் புளோரசீன் சின்னப் பற்றீரியாவிலிருந்து ஒழுகிப் போகும். இந்த வேலைக்கு வேண்டாம்.

---

மண்முனைத்துறை எழுதியது:

எல்லாருக்கும் பெரிய நன்றி. கியூபில் 435–485 என்றுதான் எழுதியிருக்கு. பழைய கருவியொன்றில் 420-க்கு மேல் விடும் கியூப் கிடக்குது, அதைப் பொருத்திக் கன்றுக்குடல் நொதியச் சோதனை செய்தேன், மஞ்சள்-பச்சை அருமையாகத் தெரியுது! பீபிஎஸ் இல்லாமல் நேரடியாகப் போட்டதில் மண்முனைத் தண்ணியிலும் மினுங்கும் கலங்கள் இருக்கு.

இப்ப மூன்று கேள்வி. டாபியின் நீலம் மேலே பரவி மங்கல் கலங்களை மறைக்குது, என்ன செய்யலாம்? ஒரு மணித்தியாலம் காணுமா? எத்தனை மி.லீ. வடித்து எத்தனை கலம் எண்ண வேணும்?

---

ஒளிவடி எழுதியது:

நெடுங்கடப்புக் கியூபில் டாபியின் வால் பச்சைக்குள்ளும் வரும், அது தவிர்க்க ஏலாது. இரண்டு வழி. ஒன்று, டாபி போட முதல் ஈஎல்எஃப் படத்தை எடுத்து, அதே புலத்துக்குத் (நுணுக்குக்காட்டியில் ஒரே தரத்தில் தெரியும் பரப்பு) திரும்பி வந்து டாபி எடுப்பது. பில்டரைக் கழற்றிப் பூட்டும்போது புலம் தவறும், பொறுமை போகும். மற்றது, டாபியை விட்டுவிட்டு புரோப்பிடியம் அயடைட்டு (சிவப்பாக ஒளிரும் டிஎன்ஏ சாயம்) போடுவது. 535-இல் அருட்டி 617-இல் காலும், உங்கட பச்சைக் கியூப் அதுக்குச் சரி. ஈஎல்எஃப் பச்சை ஒளியில் எழும்பாது. பதப்படுத்தின கலத்துக்குள் மட்டும் அது ஒழுங்காகப் போகும் என்பதால் போர்மல்டிகைட்டுக்குப் பிறகு போடுங்க. குப்பைத் துணிக்கைகளிலும் ஒட்டும், கண் பழக வேணும். நான் இரண்டாவதைத்தான் எடுப்பேன். சைபர் கிறீன் சாயம் வேண்டாம். அதுக்கு 380 அளவில் இன்னொரு உறிஞ்சல் முடி இருக்கு, ஈஎல்எஃப் கியூபிலேயே வந்து குழப்பும்.

நேரத்துக்கு ஒற்றை எண் சொல்ல மாட்டேன். 0, 15, 30, 60, 120, 180 நிமிடம் என்று ஒரே போத்தலில் இருந்து எடுத்து வடியுங்க. தொடக்கத்தில் கொஞ்ச நேரம் ஒன்றும் தெரியாது, ஏனென்றால் விளைபொருள் ஒரு செறிவைத் தாண்டினால்தான் வீழ்படியும். பிறகு வீதம் ஏறி மட்டமாகும். மட்டமான இடத்தில் மினுங்கும் கல வீதத்தை எண்ணுங்க, ஒளிர்வுச் செறிவை நேரான ஏறுபகுதியில் அளங்க. தாக்கம் மிகக் குறைந்த கலத்தில் விளைபொருள் வீழ்படிய முதலே பரவி ஓடிவிடும், அந்தக் கலம் எப்பவும் இருட்டுத்தான். இந்த முறையின் குறை அது, ஆய்வறிக்கையில் எழுதியே ஆக வேணும். மிக நீண்ட நேரம் விட்டால் ஊசிகள் கலங்களின் மேல் வளரும். அதே மாதிரி செறிவையும் 5, 10, 20, 50, 100 மைக்ரோமோலர் என்று ஒரு தரம் பார்த்து 20 நிரம்பலா (அதுக்கு மேல் கூட்டினாலும் தாக்கம் கூடாதா) என்று உறுதிப்படுத்துங்க.

கனவளவு கணக்கு இது. 25 மி.மீ. பில்டரில் தண்ணி போகும் வட்டம் 16 மி.மீ. விட்டமென்றால் பரப்பு ஏறத்தாழ 200 சதுர மி.மீ. மி.லீ.-க்கு 20 இலட்சம் பற்றீரியா என்று வையுங்க. 0.5 மி.லீ. வடித்தால் பில்டரில் 10 இலட்சம், சதுர மி.மீ.-க்கு 5,000. 100 க்கு 100 மைக்ரோமீற்றர் புலத்தில் 50 கலம். அதுதான் எண்ண வசதி. 2 மி.லீ. வடித்தால் 200 கலம், ஒன்றின்மேல் ஒன்று கிடக்கும். ஆனால் 0.5 மி.லீ.-ஐ அப்படியே ஊற்றினால் ஒரு பக்கம் சாயும். முதலில் புனலில் 0.2-ஆல் வடித்த நீர் 3 மி.லீ. விட்டு, அதுக்குள் மாதிரியைக் கலந்து, பிறகு வெற்றிடத்தைத் திறவுங்க. கீழே ஈரமான தாங்கு பில்டர் கட்டாயம்.

எண்ணுறதில் ஆட்கள் சோம்பல் காட்டும் இடம் இருக்கு. 10 புலம் எண்ணினால் 500 கலம். மினுங்குறது 3% என்றால் கையில் 15 கலம்தான், வழு ஏறத்தாழ 26%. இந்த வழுவோடு கல்லடியையும் மண்முனையையும் ஒப்பிட்டு என்ன சொல்லப் போறீங்க? 100 மினுங்கும் கலம் வரும்வரை எண்ணினால் வழு 10%, அதுக்கு 3,300 கலம் தேவை, 67 புலம் அளவில். ஆகவே மொத்தக் கலத்துக்கு 10 புலமும், மினுங்குறதுக்கு 100 கலம் வரும்வரை மேலும் புலங்களும் பாருங்க. மூன்று பில்டர் மீள்செய்கை வையுங்க.

ஸ்லைட்டில் பூட்டும்போது எதனோல் கிட்டவே வரக்கூடாது, விளைபொருள் அதில் கரைந்துவிடும். ஒளிராத எண்ணெய், பார்க்கிறது அன்றே. ஈஎல்எஃப் ஒளியில் இலேசில் வெளுக்காது, அதனால் படமெடுக்க அவசரம் இல்லை.

---

படுவான்கரை எழுதியது:

ஒன்று விட்டுப்போச்சு. ஒளிர்வுச் செறிவை அளக்கப் போறீங்க என்றால் கமெராவின் ஓட்டோவை நிற்பாட்டுங்க. ஒளிபடும் நேரம், கெயின் இரண்டையும் முதல் நாளே பூட்டி, மூன்று இடத்துக்கும் கட்டுப்பாட்டுக்கும் அதையே பாவியுங்க. விளக்கு நாளுக்கு நாள் மங்கும் என்றபடியால் ஒவ்வொரு நாளும் ஒளிரும் மணிகளின் ஒரு ஸ்லைட்டைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்க, பிறகு அதை வைத்துத் திருத்தலாம். 0.2 வடிநீரின் எம்யூஎஃப் முடிவு வந்ததும் இங்கே போடுங்க தம்பி. கரைந்த பங்கு எவ்வளவு என்று தெரிந்தால்தான் மினுங்கும் வீதத்துக்கு என்ன அர்த்தம் என்று மேலே கதைக்கலாம்.